ஒரு கோட்டுக்கு 15,222 ரூபாய்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பஞ்சாயத்து. வரப்புத் தகராறு இல்லை, வாய்க்கால் தகராறு இல்லை. நின்றிருந்த ஒரு காரின் மேல் விழுந்த கோடு.

முத்தியால்பேட்டைத் தெருக்களின் அகலம் உங்களுக்குத் தெரியும். மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் போட்ட தெரு. அதில் இப்போது வீட்டுக்கு ஒரு கார், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் கேன் போடும் பையன் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். எதிரே ஆட்டோ. ஒதுங்கினான். கொக்கி எதிர்வீட்டுக்காரர் காரின் பின்கதவில் தொடங்கி, சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு வரை இழுத்துவிட்டது. சுமார் இரண்டடி நீளம்.

எதிர்வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறவர்தான். ஆனால் அன்று அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பையனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் எஸ்டிமேட் வாங்கி வந்துவிட்டார். பின்கதவு 4,500. பின்பக்கத் தகடு 4,800. பின் பம்பர் 3,600. கூட்டினால் 12,900. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,322. ஆக 15,222 ரூபாய். பையனின் மாதச் சம்பளம் 11,000. அவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, வண்டிய வித்தாக்கூட இவ்ளோ வராதுய்யா" என்றான்.

நான் அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் பில் பார்த்தவன். ஜீப் ரிப்பேர், டயர், பேட்டரி, பெயிண்டு என்று எத்தனையோ எஸ்டிமேட் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. எஸ்டிமேட்டைக் கையில் எடுத்தால் முதலில் கூட்டலைச் சரிபார்ப்பேன். அது சரியாக இருந்தது. அடுத்தது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வி. அதில்தான் மாட்டியது. கோடு பம்பரைத் தொடவே இல்லையே!

கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டுக் கொடுத்தார். "கலர் மேட்ச் ஆகணும் சார், இல்லேன்னா பம்பர் தனியா தெரியும்" என்றது ஓர் இளம் குரல். மரியாதையான குரல்தான். அதுவே தொடர்ந்து, "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார், சுவத்துல உரசிட்டதா எழுதிக் கொடுத்தா போதும்" என்றும் சொன்னது. சுவர் எங்கே வந்தது, நான் பார்க்கவில்லை.

அந்தக் காரின் மேல் என்ன பூசியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் தகட்டை மருந்துத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஒரு பிரைமர் ஏற்றுகிறார்கள். துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அதன் மேல் இன்னொரு பிரைமர். அதன் மேல் நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு. பட்டறையில் "கிளியர்" என்பார்கள். அத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏழில் எட்டில் ஒரு பங்குதான். அதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பளபளப்பு எல்லாம் அந்தக் கிளியரில்தான். நிறம் அடியில் பத்திரமாகப் படுத்திருக்கிறது.

காரின் மேல் விழும் கோடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கிளியரோடு நின்றுவிடுபவை. கீறிய இடத்தில் வெளிச்சம் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பெயிண்டு போய்விட்டது என்று நினைத்து வயிறு எரிகிறோம். பெயிண்டு போகவில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இதற்கு இரண்டு சொல் இருந்தன. ஆழமாகக் கீறினால் ரேயூர். மேலோடு சிராய்த்தால் எராஃப்லூர். முட்டியைச் சுவரில் தேய்த்துக்கொண்டு அழுத பையனிடம் எங்கள் வாத்தியார், "இது வெறும் எராஃப்லூர், போய் உட்கார்" என்பார். நம்மிடமும் கீறல், சிராய்ப்பு என்று இரண்டு சொல் இருக்கத்தான் இருக்கிறது. கார் விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் "ஸ்க்ராட்ச்" என்ற ஒரே மூட்டையில் கட்டி, ஒரே ரேட் போட்டுவிட்டார்கள்.

சோதிப்பது சுலபம். கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்துவிட்டால் அது கிளியரில் உள்ள சிராய்ப்பு. காய்ந்ததும் திரும்பத் தெரியும். அதனால் பயப்பட வேண்டாம். பிறகு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் ஆழம். சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. தகடே மின்னினால் நாள் கடத்தக் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சொம்புத் தண்ணீரோடு நான் தெருவுக்கு இறங்கியதை எதிர்வீட்டுக்காரர் பரிகாசமாகத்தான் பார்த்தார். ஊற்றினேன். இரண்டடிக் கோட்டில் பெரும்பகுதி கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போனது. நகத்தை ஓட்டியதில் இரண்டே இடத்தில் மாட்டியது. இரண்டும் நெல்மணி அளவு.

"காஞ்சா திரும்ப வரும் சார்" என்றார் அவர்.

"வரும். அதத் தேய்ச்சு எடுக்கறதுக்குப் பதினஞ்சாயிரமா?" என்றேன்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். சர்வீஸ் சென்டர்கள் கோட்டைப் பழுது பார்ப்பதில்லை. பேனலை விற்கின்றன. ஒரு விரல்கடை கோடு என்றாலும் முழுக்கதவு. இரண்டு பேனலை ஒட்டிக் கோடு போனால் இரண்டு முழுப் பேனல். பாலிஷ் போட்டுப் பார்க்கலாம், இரண்டு இடத்தில் டச்சப் வைக்கலாம் என்று வாய் தவறியும் சொல்வதில்லை, அதில் பில் ஏறாதே! மெட்டாலிக் நிறத்தில், அதுவும் ஆறு வருடம் நம் ஊர் வெயிலில் நின்ற காரில், ஒட்டுப் போட்டால் நிறம் தனித்துத் தெரியும் என்பதும், அதனால் பக்கத்துப் பேனல் வரை லேசாகப் பரத்தி அடிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அது புதுப் பெயிண்டு அடித்தே ஆக வேண்டும் என்கிறபோது எழும் பிரச்சினை. அடிக்கவே வேண்டாத இடத்தில் அடித்துவிட்டு, அதனால் வரும் நிற வித்தியாசத்துக்கு இன்னொரு பேனலுக்கும் காசு கேட்டால் என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் வெறும் தகடாக இருக்கும்போதே பெயிண்டு அடித்து, 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வேக வைக்கிறார்கள். முழுக்காராகத் திரும்பி வரும்போது அப்படிச் செய்ய முடியாது. உள்ளே ரப்பர், வயர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கிறது. 60 டிகிரியை ஒட்டித்தான் காய வைப்பார்கள். அதற்கென்று தனிப் பெயிண்டு, தனி ஹார்டனர். நல்ல கைகாரர் செய்தால் நன்றாகவே வரும். ஆனாலும் நீங்கள் கொடுத்துவிட்டு வருவது அசல் பூச்சு. காரை விற்கும்போது வாங்க வருகிறவன் சின்னதாக ஒரு மீட்டரைத் தகட்டில் வைத்துப் பார்ப்பான். கனம் கூடுதலாகக் காட்டினால் "ஆக்சிடென்ட் வண்டியா சார்?" என்று விலையில் பத்தாயிரம் கேட்பான். கோட்டுக்கு ஒரு தடவை கொடுத்தோம், கோட்டை அழித்ததற்கு இன்னொரு தடவை.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்கிறீர்களா? வாருங்கள், கணக்குப் போடுவோம். ஐந்து வருடம் கிளெய்ம் எதுவும் செய்யாதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. அந்தப் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டுவது 4,000. ஒரு கோட்டுக்குக் கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் தள்ளுபடி பூஜ்யம், முழு 8,000. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு படியாக 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வர வேண்டும். கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய். காருக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மைக் கணக்கு சற்றுக் கம்மியாக வரலாம். ஆனால் இதோடு நிற்கவில்லை. சிறிய காருக்குக் கிளெய்மில் முதல் 1,000 ரூபாய் நம் கையை விட்டுத்தான். சாதாரணப் பாலிசியில் பெயிண்டுப் பொருள் செலவில் பாதி தேய்மானம் என்று கழிப்பார்கள். ஒரே தொகையாக பில் வந்தால் அதில் கால்வாசியைப் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். நான்காயிரம் ஐந்தாயிரம் ரூபாய் வேலைக்குக் கிளெய்ம் எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்? தள்ளுபடி போகாமல் இருக்கத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் கணக்கு வேறு. ஆனால் அதற்கும் காசு கொடுத்துத்தானே இருக்கிறீர்கள்.

அந்தப் பையனின் டிவிஎஸ்ஸுக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உண்டு. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதமும் அதில் அடக்கம். ஆனால் அதை வாங்க மோட்டார் விபத்து நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். ஒரு கோட்டுக்காக யார் போவார்கள்? அதனால் நடுத்தெருவே மன்றம் ஆகிறது, குரல் பெரியவர் நீதிபதி ஆகிறார். பிரான்சில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் காரின் டாஷ்போர்டுக்குள் ஒரு படிவத்தைப் பார்த்தேன். கோன்ஸ்தா அமியாப்ல் என்பார்கள், இணக்கமாக எழுதும் விபத்து அறிக்கை. உரசிக்கொண்ட இருவரும் ஒரே படிவத்தை நிரப்பி, சின்னப் படம் போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதியை 5 வேலை நாளுக்குள் தங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் பேனாவைப் பிடிக்கிறார்கள். அங்கேயும் திட்டு உண்டு, இல்லாமல் இல்லை.

அந்த ஊரில் பம்பருக்குப் பெயர் பார்-ஷோக். மோதலைத் தடுப்பது என்று பொருள். பாரிசில் தெரு ஓரமாக நிற்கும் கார்களைப் போய்ப் பாருங்கள், கோடு இல்லாத பம்பரைத் தேட வேண்டியிருக்கும். முன்னும் பின்னும் ஒரு முழம் விட்டுத்தான் நிறுத்துகிறார்கள். மெல்லத் தொட்டுக்கொண்டு வெளியே எடுப்பார்கள். 2014-இல் சித்ரோவன் கம்பெனி கதவுகளிலேயே காற்று அடைத்த மெத்து மெத்தென்ற பட்டையை வைத்து ஒரு காரைக் கொண்டுவந்தது, பக்கத்துக் காரின் கதவு இடித்தாலும் கோடு விழாமல் இருக்க. நம் ஊரிலும் இந்தப் புத்தி இருந்ததுதான். அம்பாசடரில் இரும்பு பம்பர், முட்டினால் முட்டட்டும் என்று நிற்கும். பழைய மாருதி 800-இல் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், பெயிண்டே கிடையாது, உரசினால் துடைத்துவிட்டுப் போவோம். அடி வாங்குவதற்கென்று வைத்த பாகத்துக்குக் காரின் நிறத்தையே பூசி, அதன் மேல் கிளியரையும் பூசி, அதில் கோடு விழுந்தால் 3,600 என்று சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்துதான் நமக்கு இந்த வியாதி. பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது. அதில் உள்ள கோட்டை விட்டுவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

துருப்பிடிப்பது தகடு. இதில் நான் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்கிறேன். நாம் இருப்பது கடற்கரை ஊர். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று எல்லோர் வீட்டிலும் தெரியும். கீறல் பிரைமரையும் தாண்டித் தகடு தெரிந்துவிட்டால், அழகுக்காக இல்லாவிட்டாலும் அன்றைக்கோ மறுநாளோ அதை மூட வேண்டும். துருவைச் சுரண்டி, பிரைமர் வைத்து, மேலே நிறம் வைத்து மூட வேண்டும். வெறும் நிறத்தை மட்டும் மேலே தடவினால் துரு அடியிலேயே ஓடி, ஒரு வருடத்தில் கொப்புளமாக எழும்பும்.

வீட்டு வைத்தியக்காரர்களையும் விட்டுவைக்க முடியாது. பற்பசை, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, எண்ணெய் கோட்டை நிரப்பி நாலு நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பற்பசை லேசாகத் தேய்க்கும். பெரிதாக ஒன்றும் நடக்காது. நான் சொல்வதற்குத் தகுதி உண்டு. என் மாருதி 800-இல் ஒரு சின்னக் கோட்டை எடுக்கிறேன் என்று பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கொண்டு அரை மணி நேரம் தேய்த்தேன். கோடு போய்விட்டது. அந்த இடத்தில் தாம்பாளம் அளவுக்கு மங்கல் வந்து, காரை விற்கும்வரை இருந்தது. என் வீட்டு அம்மா இன்றைக்கும் அந்த நாரை எடுக்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவாள்.

சரி, நம் காருக்கு வருகிறேன். வில்லியனூர் சாலைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒரு பழைய பெயிண்டர் மேஸ்திரியை வரச் சொன்னேன். அரசு ஜீப்புகளுக்கு அடித்தவர், அந்தக் காலத்திலிருந்தே பழக்கம். வந்ததும் கோட்டைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்து, வெயிலுக்கு எதிரே குனிந்து கதவைப் பார்த்தார்.

"இந்த வண்டிய தெனம் துணியால தொடைக்கிறாங்களா சார்?"

எதிர்வீட்டுக்காரர் பெருமையாக, "ஆமா, தினம் காலையில. அதுக்குன்னு ஆள் வெச்சிருக்கேன். ராத்திரி கவர் வேற போடறேன்" என்றார்.

"அதான் தெரியுது. இங்க குனிஞ்சு பாருங்க" என்றார் மேஸ்திரி. பார்த்தோம். சூரியனைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்திவலை மாதிரி, மயிரிழைக் கோடுகள். கதவு முழுக்க, பானெட் முழுக்க. புழுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் காய்ந்த துணியால் துடைத்தால் அந்தப் புழுதியே உப்புத்தாள். புழுதியோடு கவரைப் போட்டு, அது ராத்திரிக் காற்றில் ஆடினாலும் அதே கதைதான். ஒரு கோடு போட்ட பையனுக்கு 15,222 அபராதம். தினம் நூறு கோடு போடுகிறவருக்கு மாதச் சம்பளம். இதை நான் சத்தமாகச் சொன்னது தப்புதான், சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினார். பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கோட்டின் மேல் மட்டும், விரலை அழுத்தாமல், நாலு இழுப்பு. துடைப்பார், பார்ப்பார், மறுபடி இரண்டு இழுப்பு. "இதுக்கு மேல போனா கிளியர் போயிடும், கொஞ்சம் கோடு மிச்சம் இருந்தாலும் பரவாயில்ல" என்றார். இந்தத் தொழிலில் எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. கிளியர் 50 மைக்ரான்தான். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, திரும்ப வராது. வருடா வருடம் மெஷின் பாலிஷ் போடச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பிறகு ரப்பிங் காம்பவுண்டு, கம்பளி வட்டு மாட்டிய மெஷின், அதன் பிறகு மெல்லிய பாலிஷ். நெல்மணி அளவு இருந்த இரண்டு இடத்தையும் சுத்தம் செய்து, காரின் கலர் நம்பரைக் காட்டி வாங்கி வந்த டச்சப் பெயிண்டைப் பல் குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைத்தார். ஒரே தடவையில் அப்பவில்லை. ஒரு பொட்டு, காய்ந்ததும் இன்னொரு பொட்டு. மறுநாள் வந்து கிளியர் வைத்தார். அதற்கு மறுநாள் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தினார்.

கூலி 1,200, பொருளோடு சேர்த்து. பையன் இரண்டு தவணையில் கொடுத்தான். போன் திரும்பக் கிடைத்தது.

ஆறடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு பொட்டும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் ஒரு சாண் தூரத்தில்தான் பார்க்கிறார். "தெரியுது சார்" என்றார். அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை. காய்ந்த துணி நின்றுவிட்டது. இப்போது காலையில் வாளித் தண்ணீர் வருகிறது. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பையன் இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குள் வண்டியை எடுத்து வருவதில்லை. முனையில் நிறுத்திவிட்டு, 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு காரை ஒட்டி ஒருக்களித்து நடந்து வருகிறான். உள்ளே கொண்டு வா என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன், கேட்கவில்லை.

மேஸ்திரியின் நம்பர் வேண்டுமென்கிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணைக்கு வாருங்கள். இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.